அல்லாஹ் பெயரிட்ட அருமைக் குழந்தை

குழந்தை பிறந்தால் சில வீடுகளில் தந்தை பெயர் வைக்கிறார்; சில வீடுகளில் தாய் வைக்கிறாள்; சில வீடுகளில் பாட்டனாரின் பெயர் பேரனுக்கு வந்து சேருகிறது. ஆனால் கருவில் உருவாகும் முன்னரே அல்லாஹு தஆலா பெயர் சூட்டி, அந்தப் பெயரையே நற்செய்தியாக அனுப்பி வைத்த பாக்கியம் பெற்றோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும், இவருக்கு முன் இப்பெயர் உடையவர் எவருமில்லை என்று திருமறையே எடுத்துரைக்கும் சிறப்பு நபி யஹ்யா (அலை) அவர்களுக்கு மட்டுமே உரியது. அந்தப் பெயர் எப்படி வந்தது, அதன் பொருள் என்ன, அந்தப் பொருளுக்கேற்ப அவர்கள் எவ்வாறு வாழ்ந்து மறைந்தார்கள் என்பதை இம்மாதம் நாம் சிந்திப்போம்.

முன்னோர் பெயர்கள்

முன் சென்ற நபிமார்களின் பெயர்கள் பலவும் இப்ரானீ மொழியைச் சேர்ந்தவை. அம்மொழி அரபிக்கு உடன்பிறந்த மொழி. ஆகவே ஒரு பெயரின் வேரைத் தொட்டால் இரு மொழிகளிலும் ஒரே பொருள் கிடைப்பதுண்டு. இஸ்மாயீல் என்றால் இறைவன் செவியேற்கிறான் என்பது பொருள். முதுமையில் இஸ்மாயீலையும் இஸ்ஹாக்கையும் தந்த இறைவனைப் புகழ்ந்த நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், தம் நாயன் துஆவைச் செவியேற்பவன் என்று அந்தப் புகழ்ச்சியிலேயே கூறினார்கள். அங்கு வரும் ஸமீஉ என்ற சொல்லும், இஸ்மாயீல் என்ற பெயரின் முற்பகுதியும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை.

இஸ்ஹாக் என்றால் சிரிக்கிறார் என்று பொருள். வானவர்கள் நற்செய்தி கொண்டு வந்த வேளையில் நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் சிரித்ததைத் திருமறை குறிப்பிடுகிறது. யஃகூப் என்ற பெயர் குதிகால் என்ற சொல்லோடு தொடர்புடையது; பின்னால் வருபவர் என்ற கருத்து அதில் உண்டு. இஸ்ஹாக்குக்குப் பின் யஃகூப் என்று திருமறையும் அவர்களை வரிசைப்படுத்திக் கூறுகிறது. இவ்வாறு ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

முதுமையில் ஒரு துஆ

யஹ்யா (அலை) அவர்களின் தந்தையார் நபி ஜகரிய்யா (அலை) அவர்கள். தச்சு வேலை செய்து, தம் கை உழைப்பில் உண்டு வாழ்ந்தவர்கள் என்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஜகரிய்யா என்ற பெயருக்கு இறைவன் நினைவு கூர்ந்தான் என்பது பொருள். மர்யம் சூராவில் அவர்களின் வரலாறு தொடங்கும்போது திக்ரு என்ற சொல்லே முதலில் நிற்கிறது. தன் அடியார் ஜகரிய்யாவுக்கு இறைவன் செய்த ரஹ்மத்தை நினைவு கூர்வதாக அந்த வரலாறு ஆரம்பமாகிறது. பெயரும் திக்ரு, வரலாறும் திக்ரு.

பைத்துல் முகத்தஸில் மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு ஜகரிய்யா (அலை) அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெண்பிள்ளைக்கு மர்யம் என்று பெயர் வைத்தவர் அவருடைய தாயார். அப்படித் தாம் பெயர் வைத்ததை அந்த அம்மையார் இறைவனிடம் எடுத்துச் சொன்னதும் திருமறையில் இடம் பெற்றிருக்கிறது. மிஹ்ராபுக்குள் செல்லும் போதெல்லாம் அந்தச் சிறு பெண்ணிடம் உணவு இருக்கக் கண்டார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அல்லாஹ்விடமிருந்து வந்தது என்ற பதில் கிடைத்தது. நாடியவர்களுக்குக் கணக்கின்றி வழங்குபவன் தமக்கும் ஒரு பிள்ளையைத் தருவான் என்ற ஆசை அவ்விடத்திலேயே அந்த முதியவரின் உள்ளத்தில் துளிர்த்தது.

எலும்புகள் தளர்ந்துவிட்டன, தலை நரைத்து வெளுத்துவிட்டது, துணைவியாரோ மலடியாக இருந்தார்கள். இருந்தும் தாழ்ந்த குரலில் இறைவனை அழைத்தார்கள். உன்னிடம் கேட்டு நான் ஒருபோதும் ஏமாந்ததில்லை என்ற உறுதியோடு கேட்டார்கள். அவர்கள் கேட்டது சொத்துக்கு வாரிசு அல்ல. நபித்துவப் பணிக்கும் யஃகூபின் குடும்பத்துக்கும் வாரிசு. தமக்குப் பின் உறவினர் மார்க்கத்தை வீணாக்கி விடுவார்களோ என்ற அச்சமே அவர்களைக் கேட்க வைத்தது.

மிஹ்ராபில் தொழுது கொண்டு நின்ற வேளையில் மலக்குகள் அழைத்து நற்செய்தி கூறினர். பிள்ளை பிறக்கும், அவர் பெயர் யஹ்யா. அதற்கு அத்தாட்சியாக, உடல் நலத்தோடு இருந்தும் ஜகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் மனிதரோடு பேச இயலாதவர்களானார்கள். சைகையினாலேயே காலையும் மாலையும் இறைவனைத் துதிக்கும்படி மக்களுக்கு அறிவித்தார்கள்.

கிறிஸ்தவர்களின் வேதத்திலும் இச்சம்பவம் வருகிறது. பிள்ளைக்குத் தந்தையின் பெயரையே வைக்க வேண்டும் என்று உறவினர் விரும்பியதாகவும், குடும்பத்தில் எவருக்கும் இல்லாத வேறொரு பெயரைத் தாயார் கூறியதாகவும், தந்தையார் பலகையில் எழுதிக் காட்டி அதனை உறுதி செய்ததாகவும் அதில் கூறப்பட்டுள்ளது.

பெயரின் பொருள்

யஹ்யா என்ற அரபிச் சொல்லுக்கு உயிர் வாழ்கிறார் என்பது பொருள். இது அரபிப் பெயரா, வேற்று மொழிப் பெயரா என்பதில் இலக்கண அறிஞர்கள் இரு கருத்துக் கொண்டுள்ளனர். எந்தக் கருத்தை எடுத்தாலும் அப்பெயர் கைரு முன்ஸரிஃப் தான். வேற்று மொழிப் பெயர் என்பவர் அதனையும், அரபிப் பெயர் என்பவர் வினைச்சொல்லின் அமைப்பில் வந்திருப்பதையும் காரணமாகக் கூறுவர்.

ஏன் இந்தப் பெயர் என்பதற்கு முஃபஸ்ஸிர்கள் பல காரணங்கள் காட்டுகின்றனர். மலட்டுக் கருப்பையை அல்லாஹ் அவர்களைக் கொண்டு உயிர்ப்பித்தான் என்பர் சிலர். ஈமானைக் கொண்டு அவர்களின் இதயத்தை உயிர்ப்பித்தான் என்பர் சிலர். அவர்கள் ஷஹீதாவார்கள், ஷஹீதுகள் உயிரோடு இருப்பவர்கள் என்பதால் இப்பெயர் என்பர் வேறு சிலர்.

இப்ரானீ மொழியில் அவர்களின் பெயர் யோஹனான். இறைவன் அருள் புரிந்தான் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அப்பெயரை மொழிபெயர்த்து அருளப்பர் என்று நெடுங்காலம் வழங்கி வந்தனர். புரொட்டஸ்டண்ட் பிரிவினர் யோவான் என்றனர். ஈராக்கைப் பூர்வீகமாகக் கொண்ட மந்தேயர் என்ற சிறு சமயத்தார் யஹ்யா, யோஹானா என்னும் இரு பெயர்களையும் சேர்த்தே அவர்களைக் குறிப்பிடுகின்றனர்.

இனி மர்யம் சூராவைக் கவனிப்போம். யஹ்யா (அலை) அவர்களுக்கு இறைவன் தன்னிடமிருந்து ஹனான் அளித்ததாக அங்கு வருகிறது. ஹனான் என்றால் கனிவும் இரக்கமும் கலந்த அருள். திருக்குர்ஆன் முழுவதிலும் இச்சொல் இந்த ஓரிடத்தில் மட்டுமே வந்திருக்கிறது. யோஹனான் என்ற பெயருக்குள் இருக்கும் அதே வேர்ச்சொல்! எழுதப் படிக்கக் கற்காத உம்மி நபி (ஸல்) அவர்களின் திருநாவில் இச்சொல் இந்த நபியின் வரலாற்றில் மட்டும் வந்தமர்ந்ததை எண்ணும்போது, இது எவனுடைய வேதம் என்பது நமக்கு விளங்கவில்லையா?

ஐந்து கட்டளைகள்

சிறு பிள்ளையாக இருக்கும்போதே யஹ்யா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஞானத்தைக் கொடுத்தான். வேதத்தைப் பலமாகப் பற்றிப் பிடிக்கும்படி ஏவினான். தலைவராகவும், இச்சைகளை அடக்கியவராகவும், நபியாகவும், ஸாலிஹீன்களில் ஒருவராகவும் அவர்களைப் புகழ்ந்தான். இத்தனைக்கும் நடுவில், அவர்கள் பெற்றோருக்கு நன்மை செய்பவராக இருந்தார்கள், அடக்குமுறை செய்பவராக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னான். நபித்துவம் கிடைத்த பிள்ளையும் தாய் தந்தைக்குப் பணிந்தே நடந்தார் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம்.

ஐந்து காரியங்களைத் தாமும் செய்து, பனூ இஸ்ராயீல்களுக்கும் ஏவும்படி அவர்களுக்குக் கட்டளை வந்ததாக ஹாரிஸுல் அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் பதிவாகியுள்ளது. பைத்துல் முகத்தஸில் மக்களைக் கூட்டினார்கள். பள்ளி நிரம்பி, மேல் மாடங்களிலும் மக்கள் அமர்ந்தனர். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் உவமை கூறினார்கள்.

முதலாவது, அல்லாஹ்வுக்கு இணை வைக்கக்கூடாது. இணை வைப்பவன், தன்னை விலைக்கு வாங்கிய எஜமானனை விட்டுவிட்டு வேறொருவனுக்குச் சம்பாத்தியத்தைக் கொடுக்கும் அடிமையைப் போன்றவன். இரண்டாவது தொழுகை, அடியான் திரும்பிப் பாராதவரை அல்லாஹ் அவனை முன்னோக்கியிருக்கிறான். மூன்றாவது நோன்பு, நோன்பாளி, கூட்டத்தின் நடுவே கஸ்தூரிப் பை வைத்திருப்பவனைப் போன்றவன். நான்காவது ஸதகா, அது எதிரிகளிடம் சிறைப்பட்டுக் கழுத்து வெட்டப்படும் வேளையில் தன்னிடமுள்ளதையெல்லாம் கொடுத்து உயிரை மீட்பதைப் போன்றது. ஐந்தாவது திக்ரு, எதிரிகள் துரத்த ஓடிவந்தவன் உறுதியான கோட்டைக்குள் நுழைந்து தப்புவதைப் போன்றது அது.

ஷஹாதத்

உயிர் வாழ்கிறார் என்று பெயரிடப்பட்டவர்கள் கொலை செய்யப்பட்டார்கள். மணமுடிக்க ஹராமான பெண்ணை மணக்க ஆட்சியாளன் ஒருவன் விரும்பினான். அது கூடாது என்று யஹ்யா (அலை) அவர்கள் அஞ்சாமல் கூறினார்கள். அதற்காகவே கொல்லப்பட்டார்கள் என்று நம் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். அவன் ஹெரோத் அந்திப்பாஸ் என்பவன். இன்றைய ஜோர்டானில், சாக்கடலுக்குக் கிழக்கே உள்ள மக்கேருஸ் கோட்டையில் கொலை நடந்ததாக முதல் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் குறித்து வைத்துள்ளார். மக்கள் அவர்கள் சொல்லுக்குக் கட்டுப்படுவதைக் கண்டு அந்த ஆட்சியாளன் அஞ்சியதாகவும் அவர் எழுதுகிறார். திமிஷ்கு நகரில் கலீஃபா வலீத் காலத்தில், கி.பி. 705 முதல் 715 வரை எழுப்பப்பட்ட உமையா ஜாமிஆ பள்ளியினுள், அவர்களின் தலை அடங்கியதாகக் கூறப்படும் இடம் இன்றும் இருக்கிறது.

வாளேந்தியவனுக்கு என்ன மிஞ்சியது? அவன் பெயரைத் தன் பிள்ளைக்குச் சூட்ட எவரும் இல்லை. வெட்டப்பட்டவர்களின் பெயரோ அரபு நாடுகளிலும், நம் தமிழகத்திலும், இலங்கையிலும் வீட்டுக்கு வீடு வாழ்கிறது.

நம் வீட்டுப் பெயர்கள்

எங்கள் பென்னாகரம் பகுதியிலும் பிள்ளை பிறந்ததும் பெயர் கேட்டு வருபவர்கள் உண்டு. முன்பெல்லாம் நபிமார்கள், ஸஹாபாக்கள், வலிமார்கள் பெயரில் ஒன்றைக் கேட்பார்கள். இப்போது யாருமே வைக்காத பெயராக வேண்டும் என்று கேட்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த ஓர் ஓசையைக் கொண்டுவந்து, இதற்கு அரபியில் நல்ல பொருள் இருக்கிறதாமே என்கிறார்கள். அப்படி ஒரு சொல்லே அரபியில் இருப்பதில்லை. எவருக்கும் இல்லாத பெயர் யஹ்யா (அலை) அவர்களுக்குப் பெருமை சேர்த்தது உண்மை. அதை வைத்தவன் அல்லாஹ். அதன் பொருளை வாழ்ந்து காட்டியவர்கள் அவர்கள். புதுமை மட்டும் ஒரு பெயருக்குப் பெருமையாகிவிடாது.

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் முகீரா (ரலி) அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மூஸா நபிக்கும் ஈஸா நபிக்கும் இடையே நெடுங்காலம் இருக்க, மர்யமை ஹாரூனின் சகோதரி என்று எப்படி அழைக்கலாம் என்றார்கள். அக்காலத்தவர் தமக்கு முன் வாழ்ந்த நபிமார்கள், ஸாலிஹீன்களின் பெயர்களை வைத்து வந்தார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கம் தந்தார்கள். தம் அருமை மகனுக்கும் தம் பாட்டனாராகிய நபியின் பெயரையே சூட்டி இப்ராஹீம் என்று அழைத்தார்கள். பொருள் கெட்ட பெயர்களை மாற்றினார்கள். ஆஸியா, அதாவது மாறு செய்பவள் என்று பொருள்படும் பெயரை ஜமீலா என்று மாற்றியது ஹதீஸில் பிரபலமானது. மறுமையில் நம்முடைய பெயராலும் நம் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவோம். ஆகவே அழகிய பெயர்களை வையுங்கள் என்ற கருத்தும் ஹதீஸில் வந்துள்ளது.

ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் வைப்பது ஸுன்னத். வைத்த பின் அதைச் சிதைக்காமல் அழைப்பது பெற்றோரின் கடமை. அப்துர் ரஹ்மானை ரஹ்மான் என்று குறுக்கி அழைத்தால் அடியானின் பெயர் போய், எஜமானனின் திருநாமம் அடியான் மேல் ஏறிவிடுகிறது. யஹ்யா என்ற பெயரில் ஹாவை விழுங்கிவிட்டால் உயிர் வாழ்கிறார் என்ற பொருள் அங்கேயே செத்துவிடுகிறது. பெயருக்குரியவரின் வரலாற்றைப் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். தன் பெயர் எவருடையது என்று அறியாத பிள்ளை அந்தப் பெயரை எவ்வாறு காப்பாற்றும்?

பிறந்த நாளிலும், மரணிக்கும் நாளிலும், உயிரோடு எழுப்பப்படும் நாளிலும் யஹ்யா (அலை) அவர்கள் மீது ஸலாம் உண்டு என்று அல்லாஹ் அறிவித்தான். மனிதன் மிகவும் தனித்து நிற்பது இம்மூன்று நேரங்களில்தான். அதனால்தான் இம்மூன்றிலும் ஸலாம் தரப்பட்டது என்று ஸுஃப்யான் இப்னு உயைனா (ரஹ்) அவர்கள் விளக்கினார்கள். முதல் நேரத்தில் நம் பிள்ளைக்கு நாம் பாங்கும் நல்ல பெயரும் தருகிறோம். மற்ற இரண்டு நேரங்களிலும் கூட வருவது அந்தப் பெயரில் அவன் செய்த அமல்கள்தான். வல்ல நாயன் நம் மக்களுக்கு அழகிய பெயரையும், அப்பெயருக்கேற்ற வாழ்வையும், ஈமானோடு கூடிய முடிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.