புகைக்கு வழி தேடிய பிராங்களின்

பட்டம் பறக்கவிட்டு மின்னலின் இயல்பை ஆராய்ந்தவர் என்று பெஞ்சமின் பிராங்களினைப் பள்ளிப் பருவம் முதலே நாம் அறிவோம். அடுப்பையும் புகையையும் பற்றி அவர் முதுமை வரை சிந்தித்தார் என்பதைப் பலர் அறியார்.

1706-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள், வட அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்களின் பிறந்தார். தந்தையார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவர். பிள்ளைகளோ 17 பேர். ஆதலால் பத்து வயதிலேயே பிராங்களினின் படிப்பு நின்றது. தமையனாரின் அச்சகத்தில் தொழில் கற்ற அவர், 1723-இல் பிலடெல்பியா நகருக்கு ஓடிவந்தார். உழைத்து முன்னேறிச் சொந்த அச்சகத்துக்கும் செய்தித்தாளுக்கும் உரிமையாளரானார். 1731-இல் சந்தா நூலகம் ஒன்றையும், 1736-இல் தீயணைப்புக் குழு ஒன்றையும் நண்பர்களுடன் கூடி நிறுவினார்.

அந்நகரின் ஊடே ஓடிய டாக் ஓடையின் கரையில் தோல் பதனிடுவோர் பலர் தொழில் நடத்தினர். கழிவு ஓடையில் கலந்தது. நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. 1739-இல் குடிமக்கள் சட்டமன்றத்தில் முறையிட்டனர். தங்கள் உரிமை பறிபோகிறது என்று தொழில் நடத்துவோர் வாதிட்டனர். சிலருடைய தொழிலுக்கு வரும் இடையூற்றைவிட ஊரார் அனைவரும் படும் துன்பமே பெரிது என்று பிராங்களின் தம் இதழில் எழுதினார். எனினும் தொழிலகங்கள் அகற்றப்படவில்லை.

அடுத்து அவர் கவனம் வீட்டுக்குள் திரும்பியது. விறகு என்றதும் நமக்குச் சமையல் நினைவுக்கு வரும். பனி பெய்யும் நாட்டிலோ உயிர் வாழ்வதற்கே கணப்பு வேண்டும். அக்காலத்துத் திறந்த கணப்புகளில் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறியது. அருகிலிருந்த காடுகள் அழிந்து, விறகு தொலைவிலிருந்து வரவேண்டிய நிலை ஏற்பட்டது. இதற்குத் தீர்வாக 1740-களின் தொடக்கத்தில் வார்ப்பிரும்புக் கணப்பு ஒன்றை அவர் அமைத்தார். நெருப்புக்குப் பின்னால் இருந்த உள்ளீடற்ற பெட்டியின் மேலேறிய புகை, மறுபுறம் கீழிறங்கிப் பின்னரே புகைபோக்கியை அடையும். வெளிக்காற்று அப்பெட்டிக்குள் சூடேறி அறைக்குள் வரும். 1744-இல் இதனை விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார்.

ஆளுநர் தனி விற்பனை உரிமை வழங்க முன்வந்தார், பிராங்களின் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயன் பெறுவதால், நம் கண்டுபிடிப்பையும் பிறருக்கு மகிழ்வுடன் அளிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

எனினும் அக்கணப்பில் ஒரு குறை இருந்தது. புகை மேலெழும் இயல்புடையது; அதைக் கீழிறக்குவது எளிதன்று. புகைபோக்கி குளிர்ந்திருந்தால் புகை அறைக்குள்ளேயே திரும்பியது. பின்வந்தோர் அமைப்பை எளிதாக்கிய பிறகே அது பரவியது. பிராங்களினும் முயற்சியைக் கைவிடவில்லை. 1785-இல், 79 வயதில், பிரான்சிலிருந்து தாயகம் திரும்பும்போது, புகைபோக்கிகள் வீட்டுக்குள் புகைவதன் காரணங்களையும் தீர்வுகளையும் கப்பலில் அமர்ந்தே எழுதினார். 1790 ஏப்ரல் 17-ஆம் நாள் மறைந்தார்.

புகை வீட்டைவிட்டு வெளியேறினால் போதும் என்பதே அக்காலத்து எண்ணம். அது அடுத்த வீட்டாரின் நுரையீரலைச் சேரும் என்பதை நம் காலத்து அறிவியல் காட்டியது. 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்கர் பலர் மீண்டும் விறகுக்குத் திரும்பினர். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு ஊர்களில் புகை தேங்கியது. 1983-இல் ஆரிகன் மாநிலம் விறகு அடுப்புப் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1988-இல் நாடு முழுமைக்கும் புதிய அடுப்புகளுக்கு வரம்பு வந்தது. 2015-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது.

உடனே பழைய வாதம் மீண்டும் எழுந்தது. விறகே ஏழையின் எரிபொருள், என் வீட்டு அடுப்பில் அரசுக்கு என்ன வேலை என்கின்றனர் ஒரு சாரார். மூச்சுவிடும் காற்று எல்லார்க்கும் பொது என்கின்றனர் மறுசாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஏழையின் குளிரும் தீர வேண்டும்; அயலாரின் மூச்சும் திணறக்கூடாது. நல்ல அடுப்பும் நல்ல சட்டமும் சேர்ந்தே இதனைச் செய்ய இயலும். டாக் ஓடைக்காகப் பேனா பிடித்தவரும், கணப்பைத் திருத்தியவரும் ஒருவரே என்பதை மாணவ நண்பர்கள் மனத்தில் இருத்துவோமாக!