பூபேன் கக்கர்

பூபேன் கக்கர் (மார்ச் 10, 1934 - ஆகஸ்ட் 8, 2003) புகழ் பெற்ற இந்திய ஓவியர்களுள் ஒருவர். கணக்காளராகப் பணிபுரிந்துகொண்டே கலைஞராக வளர்ந்தவர். கடைத்தெருப் படங்களைக் கொண்டு ஆக்கிய ஒட்டுப்படைப்புகளுக்காகவும், சிறுதொழில் செய்வோரையும் ஆண்களுக்கிடையிலான அன்பையும் காட்டும் ஓவியங்களுக்காகவும் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் மும்பையில் குசராத்திக் குடும்பம் ஒன்றில் நான்கு பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தார். துணி வணிகரான தந்தை பர்மானந்த், இவருக்கு நான்கு வயதானபோது காலமானார். குடும்பத்திலிருந்து மும்பைப் பல்கலைக்கழகம் சென்ற முதலாமவர் இவரே. வணிகவியல் பயின்று பட்டயக் கணக்காளரானார். 1958 இல் ஓவியர் குலாம் முகம்மது ஷேக்கின் நட்பைப் பெற்றார். அவரது ஊக்கத்தால் 1962 இல் பரோடா (இன்றைய வடோதரா) சென்று நுண்கலைப் பீடத்தில் கலைத் திறனாய்வு பயின்றார். ஓவியத்தை முறையாகக் கற்காத இவர், பிழைப்புக்காகப் பல ஆண்டுகள் பகுதிநேரக் கணக்காளராகப் பணியாற்றினார்.

ஒட்டுப்படைப்புகள்

1960களின் நடுப்பகுதியில், மலிவு விலையில் விற்கும் தெய்வப் படங்களை வெட்டிக் கண்ணாடிகளில் ஒட்டி, அவற்றின் மேல் சுவர்க்கிறுக்கல் போன்ற எழுத்துக்களையும் கோடுகளையும் சேர்த்தார். பூசையறையிலும் கடைச் சுவரிலும் காணப்படும் பொருட்கள் இவ்வாறு கலைப்படைப்புகளாயின. உயர்கலை, மலிவுக்கலை என்ற பிரிவினையை இவை கேள்விக்குள்ளாக்கின.

ஆண்மையும் பணமும்

1972 இல் மும்பையின் செமோல்ட் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிக்கான கையேட்டில், ஜேம்ஸ் பாண்ட் போலவும் மிஸ்டர் யுனிவர்ஸ் போலவும் தாமே வேடமிட்டு எடுத்த ஒளிப்படங்களை வெளியிட்டார். விளம்பரங்களும் திரைப்படங்களும் போற்றும் வெற்றிபெற்ற ஆண் என்ற உருவத்தை இவை எள்ளி நகையாடின. அக்காலத்தில் இவர் வரைந்தவர்களோ கடிகாரம் பழுதுபார்ப்பவர், முடிதிருத்துபவர், தையற்காரர் போன்ற எளிய ஆண்கள். அன்றாட வருவாயை நம்பி வாழ்ந்த இவர்களுக்கு இந்திய நவீன ஓவியத்தில் முன்னர் அதிகம் இடமிருக்கவில்லை.

தமது தற்பாலீர்ப்பை நெடுங்காலம் மறைத்து வாழ்ந்த கக்கர், தாயார் 1980 இல் இறந்த பின்னரே அதனை ஓவியத்தில் வெளிப்படுத்தினார். 1981 இல் வரைந்த "எல்லோரையும் மகிழ்விக்க முடியாது" என்னும் ஓவியத்தில், தந்தையும் மகனும் கழுதையும் பற்றிய பழங்கதையை மாடத்தில் ஆடையின்றி நின்று பார்க்கிறார் ஓர் ஆண். ஊராரின் சொல்லுக்கு ஏற்ப வாழ முயன்றால் கழுதையும் மிஞ்சாது என்பதே கதையின் பொருள். தற்பாலுறவு இந்தியாவில் 2018 வரை குற்றமாகக் கருதப்பட்டது என்பதைக் கொண்டு இவரது துணிவை அறியலாம்.

விருதுகளும் மதிப்பும்

1984 இல் பத்மசிறீ விருதும், 2000 இல் நெதர்லாந்தின் இளவரசர் கிளாவுஸ் விருதும் பெற்றார். புற்றுநோயால் அவதியுற்ற இறுதி ஆண்டுகளில் நோயுற்ற ஆண் உடலையே வரைந்தார். 2016 இல் இலண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம் இவரது படைப்புகளைக் காட்சிப்படுத்தியது. 1982 இல் வரைந்த "பனாரசில் இரு ஆண்கள்" 2019 ஏலத்தில் சுமார் 25 இலட்சம் பவுண்டுகளுக்கு விற்பனையானது.