புத்தகயைக்கு வழி திறந்தவர்

கொழும்பு புறக்கோட்டையில் மரச்சாமான் வணிகத்தால் செழித்த ஹேவாவிதாரண குடும்பத்தில் 1864 செப்டம்பர் 17-ஆம் நாள் பிறந்தவர் டான் டேவிட். பௌத்த இல்லம், படித்ததோ கிறிஸ்தவப் பள்ளிகளில். 1884-இல் சென்னை அடையாறுக்கு வந்த இளைஞர் மறைஞானம் பயில விரும்பினார். பாலி மொழியைக் கற்குமாறு பிளாவட்ஸ்கி அம்மையார் அவரை நெறிப்படுத்தினார். பின்னர் அநகாரிக தர்மபாலர் என்ற பெயரை ஏற்றார்.

1891 ஜனவரி 22 அன்று ஜப்பானியத் துறவி ஒருவருடன் அவர் புத்தகயையை அடைந்தார். ஆலயத்தை ஆங்கிலேய அரசு 1880-களில் பழுதுபார்த்திருந்தது. உரிமை சைவ மடத்து மகந்திடம் இருந்தது. வஜ்ராசனத்தில் நெற்றி பதித்த தர்மபாலரின் உள்ளத்தில், இவ்விடத்தை விட்டு அகலலாகாது என்ற உறுதி எழுந்தது. அவ்வாண்டே கொழும்பில் மகாபோதி சபை தோன்றியது. அக்டோபரில் புத்தகயையில் அவர் கூட்டிய சிறு மாநாட்டுக்கு இலங்கை, ஜப்பான், சீனா, சிட்டகாங் ஆகிய இடங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தனர். நீராவிக் கப்பலும் ரயிலும் இன்றேல் இது கைகூடியிராது. தந்தையின் வணிகச் செல்வமும் துணைநின்றது.

1893-இல் சிகாகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் பேசிய அதே மேடையில் இவரும் பேசினார். திரும்பும் வழியில் ஹொனலூலுவில் சந்தித்த மேரி ஃபாஸ்டர் அம்மையார் பிற்காலத்தில் பெருங்கொடையாளரானார்.

1895-இல் ஜப்பானிலிருந்து வந்த புத்தர் சிலையை ஆலயத்தில் நிறுவ முயன்றபோது மகந்தின் ஆட்கள் அதை அகற்றினர். கீழ்நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. மகந்தை வெறும் பகைவராகக் கருதுவது நியாயமன்று. அவரது மடம் பல தலைமுறைகளாக அங்கு நிலைபெற்றிருந்தது.

ஆசிய பௌத்தரை ஒன்றிணைத்த இப்பெரியார், தம் தாயகத்தில் வேற்றினத்து வணிகரைப் பற்றி, குறிப்பாக முஸ்லிம்களைப் பற்றி, கடுஞ்சொற்களை எழுதினார் என்பதையும் மறைத்தற்கில்லை. 1915-இல் இலங்கையில் கலவரம் மூண்டது. அதையொட்டிக் கைதான அவருடைய தம்பி எட்மண்ட் அவ்வாண்டே யாழ்ப்பாணச் சிறையில் நோயுற்று மாண்டார். தர்மபாலரும் கல்கத்தாவில் சில ஆண்டுகள் கட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

1931 நவம்பரில் சாரநாத்தில் மூலகந்தகுடி விகாரை திறக்கப்பட்டது. பிக்குவாகத் தீட்சை பெற்ற சில மாதங்களில், 1933 ஏப்ரல் 29 அன்று, அங்கேயே அவர் உயிர்நீத்தார். இந்துக்களும் பௌத்தர்களும் சேர்ந்த நிர்வாகக் குழுவைப் புத்தகயைக்கு அளித்த சட்டம் 1949-இல்தான் வந்தது. இன்று அவ்வூரில் தாய்லாந்து, ஜப்பான், பூடான் முதலிய நாட்டவரின் ஆலயங்கள் நிற்கின்றன. சென்னை வழியே அங்குச் செல்லும் இலங்கை யாத்திரிகர்கள் எழும்பூரிலுள்ள மகாபோதி நிலையத்தில் தங்கிச் செல்கின்றனர்.