கலங்கித் தெளிந்த திருவுள்ளம்

கி.பி. 1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம் சித்திரைத் திருவாதிரையில், ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் ஸ்வாமி எம்பெருமானார். ஸ்ரீபாஷ்யம் அருளிய பேராசிரியர் என்றும், திருவரங்கத்துக் கோயில் முறைகளைச் சீர்செய்த நிர்வாகி என்றும் அவரை உலகம் அறியும். நெருக்கடி நேர்ந்தபோது தம் மனத்தைத் தாமே ஆண்ட பெருமையும் அவருக்கு உண்டு.

இளமையில் யாதவப்ரகாசருடன் காசி யாத்திரை சென்றபோது, தமக்குத் தீங்கு சூழப்பட்டிருப்பதைத் தம்பி முறையினரான கோவிந்தர் வாயிலாக அறிந்து, விந்த்ய வனத்தில் தனித்து நின்றார். வேடுவத் தம்பதியாக வந்த பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே அவரைக் காஞ்சிக்கு அழைத்து வந்தனர் என்று குருபரம்பரை கூறும். பின்னாளில் ரஹஸ்யப் பொருளை வேண்டித் திருக்கோட்டியூர் நம்பியின் திருமாளிகைக்கு 18 முறை நடந்தார். திருப்பியனுப்பப்பட்டபோதெல்லாம் ஆசாரியனிடம் குறை காணாமல், தம்மிடம் இன்னும் பக்குவம் வேண்டும் என்றே கொண்டார்.

இவ்வாறு பழகிய மனத்திற்கும் ஒரு பெருஞ்சோதனை வந்தது. கங்கைக் கரையில் புகழ் பெற்ற அத்வைத ஸந்யாஸியான யஜ்ஞமூர்த்தி, வண்டி நிறையச் சுவடிகளுடன் திருவரங்கம் வந்து எம்பெருமானாரை வாதுக்கு அழைத்தார். தாம் தோற்றால் எம்பெருமானாரின் திருநாமத்தைத் தரித்து, அவருடைய பாதுகைகளைச் சுமப்பதாக அவர் பந்தயம் கூறினார். எம்பெருமானாரோ, தாம் தோற்றால் இனிச் சுவடிகளையே தொடுவதில்லை என்று இசைந்தார். ஸ்ரீபாஷ்யகாரருக்குச் சுவடியைத் துறப்பது உயிரைத் துறப்பதற்கு ஒப்பாகும்.

நாள்தோறும் வாதம் நடந்தது. ஒருவர் எழுப்பியதை மற்றவர் மறுத்தார். 17ஆம் நாள் மாலையில் யஜ்ஞமூர்த்தியின் கை ஓங்கிற்று. எம்பெருமானார் திருவுள்ளம் கலங்கி மடத்திற்கு எழுந்தருளினார்.

அவ்விரவு அவர் செய்தவை கருதத்தக்கவை. கலக்கத்தை மறைத்துக்கொள்ளவில்லை, எதிரியை வெறுக்கவுமில்லை. என்றும்போல் மடத்துப் பேரருளாளனுக்குத் திருவாராதனத்தை நடத்தினார். பின்பு அவன் திருமுன்பே நின்று, நம்மாழ்வார் தொடங்கி ஆளவந்தார் வரையில் வளர்ந்துவந்த இந்த தர்சனம் தம் காலத்தில் தாழ்வதுதான் திருவுள்ளமாகில் அவ்வாறே ஆகுக என்று விண்ணப்பித்துக் கண்வளர்ந்தார். தர்சனத்தைத் தாமே தாங்குவதாக நினைத்த சுமை அப்போதே இறங்கிற்று.

பேரருளாளன் கனவில் தோன்றி, தகுந்த ஒரு சிஷ்யனை அவருக்குக் கொணர்ந்து தந்திருப்பதாகவும், ஆளவந்தார் அருளிய யுக்திகளைக் கொண்டே வாதத்தை முடிக்கலாம் என்றும் தெரிவித்தான். புதிய வித்தை ஏதும் அங்கே தேவைப்படவில்லை. ஆசாரிய பரம்பரையில் முன்பே பெற்ற செல்வம், கலக்கம் நீங்கியவுடன் கைக்கு எட்டியது.

18ஆம் நாள் காலையில் நித்திய அநுஷ்டானங்களை முடித்து, மத்தகஜம்போல் கம்பீரமாக எழுந்தருளினார். முந்தின மாலை தளர்ந்து சென்றவர் இன்று ஒளி பொருந்திய திருமுகத்துடன் வருவதைக் கண்டு யஜ்ஞமூர்த்தி திகைத்தார். இது மானிட பலமன்று என்று தெளிந்து, வாதம் செய்யாமலேயே திருவடிகளில் விழுந்தார். எம்பெருமானார் அவரை எள்ளாமல் அணைத்து, அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்று தம் திருநாமத்தையே தந்தருளினார். ஞானஸாரம், ப்ரமேயஸாரம் என்னும் நூல்களை அருளியவர் இவரே.

அவருக்கென்று தனி மடமும் அமைந்தது. ஒருநாள் வெளியூர் அடியார்கள் எம்பெருமானார் மடம் எது என்று வினவ, எந்த எம்பெருமானார் மடம் என்று ஊரார் திருப்பிக் கேட்டனர். இதைச் செவியுற்ற அவர், தம் ஆசாரியனுக்கு ஈடாகத் தமக்கொரு பெயர் வழங்குவதைப் பொறாமல், மடத்தைத் தாமே இடித்துவிட்டு எம்பெருமானார் திருவடியில் வந்து ஒதுங்கினார். ஆசாரியன் 17ஆம் நாள் இரவில் இறக்கி வைத்த அஹங்காரத்தைச் சிஷ்யரும் இவ்வாறு இறக்கி வைத்தார்.

120 திருநக்ஷத்திரங்கள் எழுந்தருளியிருந்து, 1137இல் எம்பெருமானார் திருவரங்கத்தில் பரமபதம் அடைந்தார். சோதனை வரும் வேளையில் கலக்கம் எழுவது குற்றமன்று. நித்திய கர்மத்தை விடாமல், பாரத்தை அவன் திருவடியில் வைத்து, கற்றதை நினைந்து காலையில் எழுந்து நடப்பதே அடியார்க்கு அவர் காட்டிய வழியாகும்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.