மூடிய பொந்தும் வாலஸும்

புக்கிட் ரோத்தானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். மூன்றாம் படிவத்தில் படித்த ஆண்டு, பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நடும் வேலை தொடங்கியது. ஆற்றோரத்தில் நின்ற பழைய காட்டு மரமும் சாய்ந்தது. விறகு பொறுக்கப் போன நாங்கள் அதன் தண்டில் ஒரு பொந்தைப் பார்த்தோம். பொந்தின் வாய், மண் பூசியது போல் இறுகி அடைபட்டிருந்தது. நடுவில் ஒரு சிறு பிளவு மட்டுமே. உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு பறவை செத்துக் கிடந்தது. அதன் சிறகில் நீண்ட இறகுகள் இல்லை.

அடுத்த சில நாள்கள், பெரிய அலகுடைய கறுப்பு வெள்ளைப் பறவையொன்று அந்த வெட்டவெளியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள், தமிழில் இருவாச்சி. அது எதைத் தேடியது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதிய நூலொன்றில் விடை கிடைத்தது.

வாலஸ் 1823இல் வேல்ஸ் நாட்டின் அஸ்க் என்ற ஊரில் பிறந்தார். வீட்டு வறுமையால் 14 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணனுடன் நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். வயல்வெளியில் நடந்தபோது செடிகளின் மீது பிறந்த ஆர்வம், பிறகு வண்டுகளின் பக்கம் திரும்பியது. 1848இல் அமேசான் காட்டுக்குப் போய் நான்கு ஆண்டுகள் உழைத்தார். திரும்பும் வழியில் கப்பல் தீப்பிடித்து, உடன் கொண்டுவந்த சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. பத்து நாள் திறந்த படகில் தவித்துத்தான் உயிர் பிழைத்தார்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். வாலஸோ 1854இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மலாக்கா சென்றார், குனோங் லேடாங் ஏறினார், சரவாக்கில் தங்கினார். அங்கே வேலைக்குச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர் பல தீவுகளுக்கு அவருடன் சென்று பறவைகளைச் சேகரித்தார். எட்டு ஆண்டுகளில் 1,25,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகள் சேர்ந்தன. உயிரினங்கள் எப்படி மாறுகின்றன என்ற விளக்கத்தை 1858இல் டார்வினுக்கு அனுப்பினார். இருவர் கருத்தும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன.

பயணத்தின் இறுதிக் கட்டத்தில், சுமத்ராவின் பாலெம்பாங் பகுதியில் இருந்தபோது, அவருடைய வேட்டைக்காரர்கள் ஓர் ஆண் இருவாச்சியைச் சுட்டுக் கொண்டு வந்தார்கள். பொந்துக்குள் அடைபட்டிருந்த பெண்ணுக்கு இரை ஊட்டும்போது சுட்டதாகச் சொன்னார்கள். வாலஸ் உடனே அங்கே போனார். பொந்துக்குள்ளிருந்து கரகரத்த குரல் கேட்டது, அலகின் நுனி தெரிந்தது. ஏறி எடுப்பவருக்கு ஒரு ரூபாய் தருவதாகச் சொல்லியும் எவரும் துணியவில்லை. அவர் திரும்பிய ஒரு மணி நேரத்தில், ஊர்க்காரர்களே தாயையும் குஞ்சையும் எடுத்து வந்தார்கள். குஞ்சு புறா அளவு இருந்தது. ஓர் இறகுகூட இல்லாமல், உரித்த நுங்கு போல் தோல் பளபளத்தது.

இதைப் படித்தபோதுதான் எங்கள் தோட்டத்துப் பொந்து எனக்குப் புரிந்தது. முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி பொந்துக்குள் நுழைந்து, எச்சம், பழச்சக்கை, மண் ஆகியவற்றால் வாசலை அடைத்துக்கொள்ளும். பாம்பும் பிற எதிரிகளும் உள்ளே வர முடியாது. அந்த நாள்களில் அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். வாரக்கணக்கில் அதற்கு ஆண் கொண்டுவரும் இரைதான் உணவு. ஆண் செத்தால் உள்ளே இருக்கும் குடும்பமும் ஆபத்தில் விழும். இருவாச்சியால் மரத்தைக் குடைந்து பொந்து செய்யவும் முடியாது. முதிர்ந்த மரத்தில் தானாக உண்டான பொந்து வேண்டும். அந்த மரத்தைத்தான் நாங்கள் இழந்தோம்.

பறவைகளைச் சுட்டுச் சேகரித்தே பிழைத்தவர் வாலஸ். ஆனாலும் அழிவின் விளைவு அவருக்குப் புரிந்திருந்தது. 1863இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வோர் உயிரினமும் பூமியின் வரலாற்று நூலில் ஓர் எழுத்து என்றும், எழுத்துகள் தொலைந்தால் அந்த வரலாற்றைப் படிக்க முடியாது என்றும் எச்சரித்தார். 1913இல், 90 வயதில் மறைந்தார்.

அவர் வந்திறங்கிய சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோயிருந்த கறுப்பு வெள்ளை இருவாச்சி, 1994இல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. பொந்துள்ள மரங்கள் போதாததால் ஆய்வாளர்கள் மரப்பெட்டிக் கூடுகளை அமைத்தார்கள். பறவைகள் அவற்றில் குஞ்சு பொரித்தன. ஒரு பொந்து கிடைத்தால் போதும், இருவாச்சி திரும்பி வரும்.

மாணவர்களே, கோல சிலாங்கூர் ஆற்றோரத்திலோ உங்கள் தோட்டத்து எல்லையிலோ ஒரு முதிர்ந்த மரம் நிற்கிறதா? ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். வாசல் அடைபட்ட பொந்து தெரிந்தால், அந்த மரத்தை வெட்ட வருபவர்களிடம் உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அன்று அதைச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.