பண்ணைக்கு அனுப்பப்பட்ட மாணவன்

கண்டியில் வகுப்பு முடிந்து நான் ஏறும் அக்குறணை பஸ் எப்போதும் நிரம்பியிருக்கும். புறப்பட்டால் மெதுவாகத்தான் வேகமெடுக்கும். கட்டுகஸ்தோட்டையில் பலர் இறங்கியதும் அதே பஸ் சட்டென விரையும். எஞ்சினின் விசை அதேதான்; திணிவு குறைந்ததால் ஆர்முடுகல் கூடுகிறது. இந்த விதியைத் தந்த ஐசக் நியூட்டன், எனது வயதில் படிப்பிலிருந்து நிறுத்தப்பட்டவர் என்று அறிந்தபோது வியந்துபோனேன்.

அவர் 1642 இல் இங்கிலாந்தின் வூல்ஸ்தோர்ப் கிராமத்தில் பிறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். மூன்று வயதில் தாய் மறுமணம் செய்து செல்ல, பாட்டியிடம் வளர்ந்தார். பதினேழு வயதை நெருங்கும்போது, பண்ணையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தாய் அவரைப் பாடசாலையிலிருந்து விலக்கினார். அவருக்கோ அதில் மனம் செல்லவில்லை. மேய்க்க வேண்டிய ஆடுகள் சேதம் விளைவித்து, அபராதமும் விதிக்கப்பட்டது. இறுதியில் மாமாவும் தலைமையாசிரியரும் தாயிடம் பேசி, அவரை மீண்டும் படிக்க வைத்தார்கள்.

1661 இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்தவர், வசதியான மாணவர்களுக்குப் பணிவிடை செய்து கல்விச் செலவைச் சமாளித்தார். 1665 இல் கொள்ளைநோயால் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. கொரோனா காலத்தில் நாம் வீட்டில் இருந்ததுபோல் அவரும் ஊரில் இருந்தார். ஒளி, ஈர்ப்பு, நுண்கணிதம் பற்றிய அவரது பெரும் சிந்தனைகள் அந்நாட்களில்தான் துளிர்த்தன.

1687 இல் அவரது 'பிரின்சிப்பியா' நூல் மூன்று இயக்க விதிகளுடன் வெளிவந்தது. தடை இல்லாவிட்டால் எறியப்பட்ட பொருள் ஓயாது செல்லும் என்று இப்னு ஸீனா ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே சிந்தித்திருந்தார். விசை ஒரு பொருளின் இயக்கத்தை எவ்வளவு மாற்றும் என்பதைக் கணித விதியாக வகுத்தவர் நியூட்டன். 1727 இல் அவர் காலமானார்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது, பெண் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டார்கள். உம்மாவும் தயங்கினார். மாமாதான் வாப்பாவுடன் பேசினார். அல்ஹம்துலில்லாஹ், இன்று நான் இணைந்த கணிதம் படிக்கிறேன். அப்படிப் பேச ஒருவரும் இல்லாததால் வீட்டோடு நின்றுவிட்ட தோழி ஒருத்தி எனக்கு இருக்கிறாள். என்னைவிட நன்றாகக் கணக்குச் செய்பவள் அவள்.

இதை வாசிக்கும் பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கப்போகிறது என்று தெரிந்தால், தயவுசெய்து நீங்கள் ஒருமுறை பேசிப் பாருங்கள்.