கொசுவை இனம் பிரித்த டாக்டர்

கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையை 1887 முதல் 1895 வரை கட்டினார்கள். அந்த வேலையில் ஏராளமான தொழிலாளிகளை மலேரியாக் காய்ச்சல் பலி வாங்கியது. அது எப்படிப் பரவுகிறது என்று அன்று தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்றே பலர் நம்பினார்கள்.

அணை முடிந்த இரண்டே ஆண்டுகளில் விடை கிடைத்தது. கண்டுபிடித்தவர் டாக்டர் ரொனால்டு ராஸ்.

கவிதை ஆசை

ராஸ் 1857-ம் ஆண்டு இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தகப்பனார் ராணுவ அதிகாரி. மகனுக்கோ கவிதை எழுத ஆசை. தகப்பனார் பிடிவாதமாக டாக்டருக்குப் படிக்க வைத்தார். 1881-ல் ராணுவ டாக்டராகச் சென்னைக்கு வந்தார்.

1894-ல் லண்டன் சென்றபோது, மலேரியாவைக் கொசு பரப்பலாம் என்று டாக்டர் பாட்ரிக் மான்சன் அவரிடம் சொன்னார். மறு ஆண்டு ராஸ் செகந்திராபாத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

வீணான உழைப்பு

நோயாளிகளைக் கடித்த கொசுக்களை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இரண்டு ஆண்டு உழைத்தும் பலன் இல்லை.

காரணம் என்ன? அவர் பிடித்தவை சாம்பல் நிறக் கொசுக்களும், உடம்பில் வரி உள்ள கொசுக்களும். மனிதரின் மலேரியாவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை!

1897-ல் ஊட்டிக்கு அருகே சீகூர் மலைப்பாதைக்கு ஆராயப் போனார். அங்கே அவருக்கே மலேரியா வந்துவிட்டது.

புள்ளிச் சிறகு

அதே ஆண்டு ஆகஸ்டில், சிறகில் புள்ளி உள்ள கொசுக்கள் சில கிடைத்தன. உசேன் கான் என்ற நோயாளியை அவை கடிக்கும்படி விட்டார். ஒரு கடிக்கு ஓர் அணா கூலி!

ஆகஸ்டு 20-ந் தேதி அந்தக் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்த இனத்தின் பெயர் அனாபிலிஸ்.

1902-ல் ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932-ல், 75-வது வயதில் காலமானார்.

நீங்களும் கண்டுபிடிக்கலாம்

சுவரில் உட்காரும் கொசுவைப் பாருங்கள். தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கிச் சாய்வாக இருந்தால் அது அனாபிலிஸ். அதன் புழு தண்ணீரின் மேல்மட்டத்தில் படுத்துக் கிடக்கும். மற்றக் கொசுக்களின் புழு தலைகீழாகத் தொங்கும்.

கறுப்பு உடம்பில் வெள்ளை வரி இருந்து, பகலில் கடித்தால் அது டெங்குக் கொசு. வீட்டுக் குடத்திலும் தொட்டியிலும் முட்டை இடும்.

கடமலைக்குண்டில் மூல வைகை வற்றிக் குட்டையாகத் தேங்கினால் அதையும் பார்க்கவேண்டும். குடிக்கச் சேர்த்து வைத்த குடத்தையும் பார்க்கவேண்டும். எந்தக் கொசு என்று தெரிந்தால்தான், எந்தத் தண்ணீரை வடிப்பது, எந்தக் குடத்தை மூடுவது என்பது தெரியும். ராஸ் இரண்டு ஆண்டு பாடுபட்டுக் கற்ற பாடம் இது.